'ஹையா' என்ற ஜப்பானியக் காருக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தோக்கியோவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பிக் சைட் அரங்கில் நடக்கும் ஜிம்டாஃப் இயந்திரக் கண்காட்சிக்கு இங்கிருந்து போகும் பட்டறைக்காரர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். லேத், கிரைண்டிங் மிஷின் பார்க்கப் போகிறவர்கள். தமிழில் கொடுத்தால் வரி விடாமல் படிப்பார்கள், ஆங்கிலத்தில் கொடுத்தால் பையிலேயே கிடக்கும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, போக்குவரத்துப் பகுதியில் ஒரு சொல்லில் நின்றுபோய்விட்டேன்.

ஜப்பானில் டாக்சி வேறு, ஹையா வேறு. டாக்சிக்குக் கூரையில் விளக்கு உண்டு, தெருவில் கைகாட்டி நிறுத்தலாம். ஹையாவுக்கு விளக்கு இல்லை, தெருவில் யாரையும் ஏற்றாது. முன்கூட்டியே சொல்லிவைத்தால், கோட்டும் கையுறையும் போட்ட ஓட்டுநரோடு கறுப்புக் கார் வரும், நாள் முழுக்க நமக்காக நிற்கும்.

போன முறை நானும் கூடப் போயிருந்தேன். விடுதியில் "டாக்சி" என்று சொல்லிவிட்டோம். நாலு பேர், நாலு பெட்டி, வார்ப்பட மாதிரிகள் வைத்த கனமான பெட்டி ஒன்று. வந்த டாக்சியின் டிக்கியில் பாதி இடத்தைக் கேஸ் தொட்டி அடைத்திருந்தது. இரண்டு வண்டியாகப் பிரிந்து போனோம், மாதிரிப் பெட்டி வேறு வாசலுக்குப் போய்விட்டது, பார்க்க வேண்டியவரைப் பார்க்க முடியவில்லை. இந்த வித்தியாசம் சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

* * *

சென்னையிலிருந்து:

வாடகைக் கார். எல்லாருக்கும் புரியும். இதற்கு ஏன் ஒரு வாரம்?

* * *

கோவையிலிருந்து:

ஐயா, டாக்சியும் வாடகைக் கார்தானே. அதே சொல்லை இரண்டுக்கும் போட்டால் போன முறை நடந்ததே மறுபடியும் நடக்கும். அதோடு நாமே ஓட்டிப் போக எடுக்கும் காரையும் இங்கே வாடகைக் கார் என்றுதான் சொல்கிறோம். மூன்று பொருளுக்கு ஒரு சொல் தாங்காது.

* * *

சிங்கப்பூரிலிருந்து:

எங்கள் ஊர்ச் செய்திகளில் 'தனியார் வாடகைக் கார்' என்று எழுதுகிறோம். ஆனால் அது செயலியில் அழைக்கும் வண்டியைக் குறிக்கிறது. தோக்கியோவின் ஹையாவுக்கு அது பொருந்தாது என்பதைச் சொல்வதற்காகவே எழுதுகிறேன், யாராவது எடுத்துப் போட்டுவிடப் போகிறார்கள்.

* * *

மதுரையிலிருந்து:

அன்பர்களே, முதலில் 'வாடகை' தமிழ்தானா என்று பாருங்கள். 'பாடக' என்னும் வடசொல்லின் வழி வந்தது, இந்தியில் 'பாடா' என்பதும் அதே வேர். வீட்டு வாடகைக்குக் 'குடிக்கூலி' என்று நம்மிடம் நல்ல சொல் இருந்தது.

இந்த வண்டியைத் தனித்துக் காட்டுவது ஓட்டுபவரே. ஆங்கிலத்தில் இவருக்கு வழங்கும் 'ஷோஃபர்' பிரெஞ்சுச் சொல். நீராவி வண்டிக் காலத்தில் கொதிகலனுக்குத் தீ மூட்டியவனைக் குறித்தது. நமக்கு அந்தக் கரி வேண்டாம். புறநானூற்று 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்கிறார். வலவன் என்றால் தேர் செலுத்துபவன். வலவன் ஓட்டி வருவது 'வலவனூர்தி'. இன்னொன்றும் கவனியுங்கள்: வலம் என்பது வலப்பக்கம். ஜப்பானில் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கம் போகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். வலப்பக்கம் அமர்ந்து செலுத்துபவர் வலவன், சொல் அச்சாகப் பொருந்துகிறது.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, வணக்கம். எங்களிடம் டிரைவர் எண்டு கதைத்தாலும் எழுதும்போது சாரதிதான். சாரதி அனுமதிப்பத்திரம் எண்டுதான் அரசாங்கமே அச்சடிக்குது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும் சொல்லை விட்டிட்டு ஈராயிரம் வருசத்துக்கு முந்தின சொல்லைத் தேடிப் போக வேணுமா? 'சாரதியுடன் வாகனம்' எண்டு போடலாம்.

* * *

மதுரையிலிருந்து:

தம்பி, சாரதி வடசொல். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் இருப்பதால் நமக்கும் பழகிய சொல்தான். பழக்கம் வேறு, பிறப்பு வேறு.

* * *

சென்னையிலிருந்து:

பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். வலவனின் வேர் வலப்பக்கமா, 'வல்லவன்' என்பதில் வரும் திறமையா என்பதே விவாதத்துக்குரியது. தேரோட்டிக்கு எந்தப் பக்கத்தில் ஸ்டியரிங் இருந்தது? அப்புறம் 'வலவன்' ஆண்பால் ஒருமை. ஓட்டி வருபவர் பெண்ணாக இருந்தால்? 'வலவர்' என்று மாற்றினால் புறநானூற்றுச் சான்று பாதி போய்விடுகிறது. 'ஓட்டுநர்' எல்லாரையும் மரியாதையாகக் குறிக்கிறது. (கையேட்டில் 'ஓட்டுனர்' என்று அடிக்காதீர்கள், இயக்குநர், பொருநர் போல 'நர்' விகுதி.)

* * *

தோக்கியோவிலிருந்து:

இங்கே பல வருடமாக வருகிறவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்து கொடுப்பவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்கிறேன். 'ஹையா' ஆங்கிலத்தின் 'ஹயர்'தான், ஜப்பானியர்கள் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பொருளை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். 1970இல் வந்த டாக்சிச் சட்டத்தில் ஹையாவுக்கு விளக்கமே இருக்கிறது: சவாரியை ஒப்புக்கொள்வது நிறுவனத்தின் அலுவலகத்தில் மட்டுமே நடக்கும் வண்டி. காரின் அழகோ கையுறையோ அல்ல, எங்கே பேசி முடிக்கிறோம் என்பதுதான் இலக்கணம்.

கையேட்டில் இதையும் சேருங்கள். காசுக்கு ஆள் ஏற்றும் வண்டிக்குப் பச்சைத் தட்டில் வெள்ளை எழுத்து. ஓட்டுபவரிடம் இரண்டாம் வகை உரிமம் இருக்க வேண்டும். வெள்ளைத் தட்டு மாட்டிய சொந்த வண்டியில் அனுமதியில்லாமல் காசுக்கு ஏற்றுவது சட்டவிரோதம், 'சிரோதாகு' என்பார்கள், வெள்ளை டாக்சி. விமான நிலையத்தில் யாராவது பக்கத்தில் வந்து பேசினால் ஏறவே கூடாது.

செலவு விஷயம் இதைவிட முக்கியம். கட்டணம் பொதுவாக வண்டி அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போதே தொடங்கி, நம்மை இறக்கிவிட்டு அலுவலகம் திரும்பும்வரை ஓடும். விரைவுச்சாலைச் சுங்கம், பார்க்கிங் தனி. ஹனேதாவில் இறங்கினால் பிக் சைட் பக்கம்தான், நரிதாவோ தோக்கியோ நகரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். எந்த விமான நிலையம் என்று டிக்கெட் போடும் முன்பே யோசிக்கச் சொல்லுங்கள். டிப்ஸ் கொடுக்க வேண்டாம், வாங்கமாட்டார்கள். போகும் இடத்தின் முகவரி ஜப்பானிய எழுத்தில் இருக்கட்டும்.

* * *

திருப்பூரிலிருந்து:

தோக்கியோ நண்பர் சொன்ன கட்டண முறையைத்தான் நம்ம ஊர் டிராவல்ஸ்காரர்கள் 'ஷெட் டு ஷெட்' என்கிறார்கள்! வண்டி ஷெட்டை விட்டு எடுத்ததிலிருந்து ஷெட்டுக்குத் திரும்பும்வரை கிலோமீட்டர், அதன் மேல் டிரைவர் பேட்டா. பட்டறைக்காரர்களுக்கு இந்த ஒரு சொல் போதும், பக்கம் பக்கமாக விளக்க வேண்டாம்.

பெயருக்கு ஒரு யோசனை. நாம் டாக்சி 'பிடிக்கிறோம்', ஆட்டோ 'பிடிக்கிறோம்'. கல்யாணத்துக்கோ திருப்பதிக்கோ போகும்போது வண்டி 'அமர்த்துகிறோம்'. வக்கீலையும் அமர்த்துகிறோம். முன்பே பேசி, இன்னாருக்கு இன்ன நாளைக்கு என்று ஒதுக்கிக்கொள்வது அமர்த்துதல். தோக்கியோ நண்பர் சொன்ன சட்டமும் அதைத்தானே சொல்கிறது? 'அமர்த்துகார்' என்று வையுங்கள்.

* * *

கோவையிலிருந்து:

பிடிப்பது, அமர்த்துவது. நாலு நாளாக இந்த வித்தியாசத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், மிக்க நன்றி. ஆனால் க் வருமா? 'அமர்த்துக்கார்' என்று நாக்கில் வருகிறது.

* * *

சென்னையிலிருந்து:

வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'ஏவுகணை' போல. ஏவப்படும் கணை ஏவுகணை, அமர்த்தப்படும் கார் அமர்த்துகார்.

* * *

சேலத்திலிருந்து:

தாமதமாக நுழைகிறேன். ஜப்பானிய மொழியில் காருக்கு 'குருமா' என்று பெயர், நம் வீட்டுக் குருமாவோடு குழப்ப வேண்டாம். அங்கே 'குருகுரு' என்றால் சுழல்வதைக் காட்டும் ஒலிக்குறிப்பு. நம் 'கிறுகிறு'வும் சுற்றுவதால் வருவதுதான். தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்று பேராசிரியர் சுசுமு ஓனோ எத்தனை ஆண்டு எழுதினார்! அந்தச் சக்கர வேரிலிருந்தே ஒரு சொல் ஆக்கினால் இரண்டு மொழிக்கும் பாலமாக இருக்கும் அல்லவா?

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஓனோவின் உழைப்பில எனக்கும் மரியாதை இருக்கு. ஆனா பெரும்பாலான மொழியியலாளர் அவருடைய முடிவை ஏற்கேல்லை. கிறுகிறு, குருகுரு மாதிரி ஒலிக்குறிப்புச் சொற்கள் உறவில்லாத மொழிகளிலும் ஒத்துப்போகும். அதை வேறொரு இழையில கதைப்பம், இங்க கையேடு நிக்குது. நான் சாரதியை வற்புறுத்தேல்லை. 'அமர்த்து' எங்கட ஊரிலும் விளங்கும்.

* * *

மதுரையிலிருந்து:

'அமர்த்து' நல்ல வேர், மனமார ஏற்கிறேன். 'கார்' ஏன்? அமர்த்து, ஊர்தி, புணர்ந்தால் 'அமர்த்தூர்தி'. வேன் வந்தாலும் பொருந்தும்.

* * *

திருப்பூரிலிருந்து:

ஐயா, கார் என்றால் கருமை, கருமேகம். ஹையா பெரும்பாலும் கறுப்புதான் என்று முதல் மடலிலேயே வந்துவிட்டது. கார் தமிழாகவே இருக்கட்டுமே.

* * *

மதுரையிலிருந்து:

ஒலி ஒத்தால் சொல் ஒன்றாகாது தம்பி. கார்காலத்தின் கார் வேறு, இது வேறு. அப்படிச் சமாதானம் சொல்லித்தான் ஒவ்வொரு கடன்சொல்லும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

* * *

கோவையிலிருந்து:

வியாழன் இரவு. எண்ணிப் பார்த்தேன்: சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் (தனிமடலில்), யாழ்ப்பாணம் நாலும் அமர்த்துகார். மதுரை அமர்த்தூர்தி. சேலம் இன்னும் குருமா. தோக்கியோ எதுவானாலும் சரி என்கிறார், ஆனால் பக்கத்திலேயே 'ஹையா' என்று ஜப்பானிய உச்சரிப்பைத் தமிழில் கொடுங்கள், விடுதியில் அதைச் சொன்னால்தான் வண்டி வரும் என்கிறார். நியாயம். ஹகரத்தை எடுத்தால் 'ஐயா' ஆகிவிடும், அதனால் தொல்காப்பியத்தின் 'வடவெழுத்து ஒரீஇ' (வடவெழுத்தை விலக்கி) விதியை இந்த ஒரு இடத்தில் மீறுகிறேன், திட்ட வேண்டாம்.

அச்சுக்குப் போகும் வரி: "தோக்கியோவில் நாள் முழுக்கச் சுற்ற வேண்டுமென்றால் டாக்சி பிடிக்காதீர்கள், ஓட்டுநரோடு அமர்த்துகார் (ஹையா) ஒன்றை முன்பே அமர்த்திவிடுங்கள். கட்டணம் ஷெட் டு ஷெட்."

* * *

மதுரையிலிருந்து:

அச்சாகட்டும். என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்துகொள்கிறேன். 'ஷெட் டு ஷெட்' அச்சில் ஏறுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. 'கொட்டகை முதல் கொட்டகை வரை' என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

* * *

தோக்கியோவிலிருந்து:

இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று. நம்ம ஊர் முதலாளிகள் பலர் டிரைவர் பக்கத்தில் முன் சீட்டில் உட்காருவார்கள். இங்கே முறைப்படி அதுதான் கடைசி இடம். டிரைவருக்கு நேர் பின்னால் உள்ளதுதான் மதிப்புக்குரிய இடம், 'கமிசா' என்பார்கள். ஜப்பானிய நிறுவனத்தார் கூட வந்தால் நம்மை அங்கேதான் உட்காரச் சொல்வார்கள், நம் ஆட்கள் முன்னால் போய் ஏறிவிடுகிறார்கள். கமிசாவுக்கு என்ன போடுவது? காலை பத்து மணிக்குள் சொன்னால் சேர்த்துவிடலாம்.

* * *

மதுரையிலிருந்து:

'முதலிருக்கை' என்று போட்டால் முன்னிருக்கை என்று படித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள், நிகண்டில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.