பாமினி மாற்றி நீட்சி: ரெண்டு கொக்கட்டிச்சோலை

வாவிக்கரை:
லிப்ரே ஒஃபிஸுக்குப் பைதனில் எழுதின நீட்சி, பழைய பாமினி எழுத்துருவில் அடிச்சதை யுனிகோட்டா மாத்தும். மாத்தின பட்டியலில் ‘கொக்கட்டிச்சோலை’ என்ற ஊர்ப்பெயர் ரெண்டு. திரையில் அச்சொட்டா ஒன்றுதான், பைதன் சமமில்லை என்கிறது. நீளத்தை எண்ணினா ஒன்று 15, மற்றது 17! பாமினியில் ‘கொ’ மூன்று தட்டல்: கொம்பு, க, கால். மாற்று அட்டவணையில் ‘கொம்பு, க’ முந்தினா ‘கெ’ ஆகி, கால் தனிக்குறியா ஒட்டிக்கொள்ளும். ‘சோ’வும் அப்படியே. அதனால அட்டவணையில் மூன்று தட்டல் சேர்க்கை முதல்ல, பிறகு ரெண்டு, கடைசியில ஒற்றை என்று வைக்கணும்.

கல்முனைக் கீபோட்:
அட்டவணையைப் புரட்டத் தேவையில்ல. கடைசியா பைதனின் யுனிகோட்டேட்டா நோர்மலைஸில் என்எஃப்சி (பிரிஞ்ச குறிகளை ஒன்றாச் சேர்க்கிற வடிவம்) கொடுங்க, 17 தானா 15 ஆகும்.

ஏறாவூர் நானா:
தம்பி, ஔகாரத்துல என்எஃப்சி கைவிட்டுரும். பாமினியில ‘பௌ’வின் பின்பாதிக்கு அடிக்கிறது ள. யுனிகோட்டில் ஔகாரச் சிறகு வேற, ள வேற. ‘பெளர்ணமி’ அப்படியே கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா ள-வையும் மாத்தினா ‘வெள்ளம்’ நாசம். கொம்பு போட்ட எழுத்துக்கு அடுத்தே ள வந்து, அந்த ள-வுக்குப் பின்னால புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்துல மட்டும் மாத்துங்க.

கேட்காட்டியும் இதையும் சொல்றேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓஎக்ஸ்டி (நீட்சிப் பொதி) கட்டி நிறுவிக்கொண்டிருந்தா பொழுது விடிஞ்சிரும். எழுத்து மாத்துற பகுதியைத் தனிப் பைதன் கோப்பா வைங்க, யூனோவை (லிப்ரேயோட பேசுற இடைமுகம்) அதுக்குள்ள இழுக்காதீங்க. டெர்மினலில் இருபது சொல்லை ஓடவிட்டுப் பார்க்கலாம். சோதனைக்கு வேற புரொஃபைல்: லிப்ரேயைத் தொடங்கும்போது யூசர்-இன்ஸ்டாலேஷனுக்குப் புது அடைவைக் காட்டினா போதும், உங்கட சொந்த அமைப்பு கெடாது. கட்டும்போது கோப்புறையை ஜிப் பண்ணாதீங்க, அதுக்குள்ள இருக்கிறதைப் பண்ணுங்க. மெட்டா-இன்ஃப் (உள்ளடக்கப் பட்டியல் இருக்கிற அடைவு) முதல் மட்டத்துல இல்லாட்டி உள்ளே இருக்கிற ஒன்றையும் லிப்ரே கண்டுகொள்ளாது. யூனோ-பிகேஜியால (நீட்சி நிறுவுற கட்டளை) நிறுவ முதல் லிப்ரேயை முழுசா மூடணும். விண்டோஸில் லிப்ரேயைச் சட்டெனத் திறக்க வைக்கிற குயிக்ஸ்டார்ட்டர் மூலையில ஒளிச்சிருக்கும், அதையும் நிறுத்துங்க. பழசுக்கு மேல போட ‘ஃபோர்ஸ்’ தெரிவு.

வாவிக்கரை:
எல்லாத்துக்கும் மூடணும் என்றில்ல நானா. புரொஃபைலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவுக்குள்ள பைதன் கோப்புறையில் கிடக்கிற மக்ரோவைத் திருத்திச் சேமிச்சா, அடுத்த ஓட்டத்துலேயே புதுசு ஓடும். அது இம்போர்ட் பண்ணின துணைக்கோப்புதான் நினைவகத்துல பழசாவே நிக்கும், நீங்க தனியாப் பிரிக்கச் சொன்ன அதே கோப்பு.