கிரேட் நிக்கோபார் கரை: உயர மாதிரியில் நிலம், படத்தில் கடல். எது சரி?

காம்பல்பே_பேத்தி:
வணக்கம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் தாத்தா எழுபதுகளில் கிரேட் நிக்கோபாரில் குடியேறினார். காம்பல் பேயிலிருந்து தெற்கே இந்திரா முனைக்குப் போகும் சாலையோரம் வீடும் தென்னந்தோப்பும் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று இரண்டும் போய்விட்டன. அப்பாவுக்கு வயது 63. அவருக்கு நன்றாக நினைவிருக்கும்போதே தோப்பு எதுவரை இருந்தது என்று ஒரு வரைபடத்தில் குறித்துவிட ஆசை.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் எஸ்.ஆர்.டி.எம். உயர மாதிரியைப் போட்டேன், 30 மீட்டருக்கு ஒரு உயரம் தருவது. மேலே இப்போதைய செயற்கைக்கோள் படம். மாதிரி 4, 5 மீட்டர் உயரம் என்று காட்டும் இடத்தில் படத்தில் அலை அடிக்கிறது. நான் எங்காவது தப்பு செய்தேனா? ஜனவரியில் ட்ரோனோடு போனால் சரியாகிவிடுமா?

பழைய_சர்வேயர்:
உங்கள் மேல் தப்பில்லையம்மா. எஸ்.ஆர்.டி.எம். அளந்தது 2000 பிப்ரவரியில், எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து. தோப்பு அப்போது இருந்தது. நிலநடுக்கத்தில் தீவே இறங்கியது. இந்திரா முனையில் 4 மீட்டருக்கு மேல். அங்கே கலங்கரை விளக்கம் தண்ணீரில் நிற்பது அதனால்தான். இதே நடுக்கத்தில் வடக்கு அந்தமானில் தரை உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே வந்தன. அதனால் ஒரே எண்ணைக் கழித்து முழுத் தீவையும் திருத்த முடியாது.

ஆனால் அந்த 4, 5 மீட்டரைத் தரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேடார் அடர்ந்த தோப்பின் தரையைப் பார்க்காது. மட்டைகளுக்குள் பாதியிலேயே திரும்பிவிடும். கரைக்கோட்டை உயரத்திலிருந்து எடுக்காமல் பழைய படத்திலிருந்து வரையுங்கள். லேண்ட்சாட் 7 படம் இலவசம், கறுப்பு வெள்ளைப் பட்டையில் 15 மீட்டர் துல்லியம். 2003 மே மாதத்துக்கு முந்தையதாகப் பாருங்கள். அதற்குப் பிறகு கருவிக் கோளாறால் படத்தில் கோடு கோடாக இடைவெளி விழும். ஈர மணலை விட்டுவிட்டு மரங்கள் தொடங்கும் விளிம்பைப் பிடியுங்கள். அந்த விளிம்பு ஓதத்தோடு நகராது.

இன்றைய நிலைக்கு கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் மாதிரி இருக்கிறது, 2011 முதல் 2015 வரை எடுத்த ரேடார் தரவு. இரண்டையும் கழித்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். இரண்டும் வேறு வேறு ஜியாய்டு (உயரத்துக்குப் பூஜ்யமாக வைக்கும் சராசரிக் கடல்மட்டப் பரப்பு) மேல் நிற்கின்றன, பிழையும் சில மீட்டர் வரும். நீங்கள் தேடும் இறக்கமே அவ்வளவுதான்.

தூத்துக்குடி_ட்ரோன்:
அக்கா, முதலில் அனுமதி. அந்தத் தீவில் பழங்குடியினர் காப்பு நிலமும் பாதுகாப்புப் பகுதியும் உண்டு. எழுத்தில் கையில் வராமல் பெட்டியைக்கூடத் திறக்காதீர்கள்.

பறப்பதாக இருந்தால் கடல் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் பறங்கள். ஐம்பதுக்கு ஒன்று சரிவுள்ள கரையில் தண்ணீர் 1 மீட்டர் ஏறினால் கோடு 50 மீட்டர் உள்ளே வந்துவிடும். படங்கள் முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். அலை ஒவ்வொரு படத்திலும் வேறு மாதிரி இருப்பதால் படங்களை இணைத்து உயர மாதிரி செய்யும் மென்பொருளால் தண்ணீரில் பொருத்தம் தேட முடியாது. கரையோரம் ஒற்றை வரியாகப் பறந்தால் மாதிரி வாழைப்பழம் போல வளையும். உள்நிலத்தையும் சேர்த்து இரண்டு மூன்று வரி ஓட்டி, இரு முனையிலும் நடுவிலும் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இடமும் உயரமும் துல்லியமாக அளந்த குறிகள்) வையுங்கள்.

உயரம் மைனஸில் வந்தால் பயப்பட வேண்டாம். எங்கள் ஊர்க் கடற்கரையே மைனஸ் 90 மீட்டர் அளவில் காட்டும். ஜிபிஎஸ் பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் வைத்த ஒரு வழவழப்பான நீள்வட்டப் பரப்பிலிருந்து அளக்கிறது, நம் பக்கம் கடல்மட்டம் அதற்கு அவ்வளவு கீழே. ஜியாய்டு திருத்தம் போட்டால் சரியாகிவிடும்.

காம்பல்பே_பேத்தி:
இருவருக்கும் நன்றி. ட்ரோனைத் தள்ளிவைத்துவிட்டேன். 2002 லேண்ட்சாட் படத்தை ஏ3 தாளில் அச்செடுத்து அப்பா முன் விரித்தேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கலத்தியா ஆற்று வாயில் விரலை வைத்து, அங்கேதான் பேராமை முட்டையிட வரும் என்றார். விரலை அங்கிருந்து கரையோடு வடக்கே நகர்த்திக்கொண்டே வந்து, சாலை வளைகிற இடத்தில் நிறுத்தினார். பென்சில் கேட்டார். கிணற்றையும் குறித்துத் தந்திருக்கிறார்.