விண்கப்பல் எல்லாம் மறந்துபோச்சு, அந்த ஜெயில் பட்டறை மட்டும் மறக்கவில்லை. உங்களுக்கும் இப்படியா?

நைட்ஷிப்ட்காரன்

இரண்டு வருடமாகத்தான் இந்த மாதிரி சீரீஸ்களை ஒழுங்காகப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் விண்வெளிப் படம் என்றால் டிவியில் ஓடும்போது பாதியிலிருந்து பார்ப்பதோடு சரி. ஸ்டார் வார்ஸ் பக்கம் போனதே இல்லை. எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு வரிசை சொல்வார்கள், யார் அதில் மாட்டுவது. கூட வேலை பார்க்கும் பையன் ஒருத்தன் மூன்று மாதம் விடாமல் நச்சரித்ததால், அதே ஸ்டார் வார்ஸ் உலகத்தில் நடக்கிற ஆண்டோர் சீரீஸை ஆரம்பித்தேன்.

(இனி ஸ்பாய்லர் உண்டு. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.) முதல் மூன்று எபிசோடில் எனக்குத் தூக்கம் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. பிடிபட்ட நாயகன் காசியன் ஆண்டோரை எட்டாவது எபிசோடில் நர்கினா 5 என்ற சிறையில் போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிறை என்றால் கம்பி, இருட்டு எதுவும் கிடையாது. பளிச்சென்று வெள்ளையடித்த பட்டறை. மேசைக்கு 7 பேர், அறைக்கு 7 மேசை, 12 மணி நேர ஷிப்ட். அதிகம் முடித்த மேசைக்குச் சாப்பாட்டில் ருசி சேர்ப்பார்கள், கடைசியாக வந்த மேசைக்குத் தரையிலிருந்து கரண்ட் பாயும். கைதிகள் எல்லாருக்கும் வெறுங்கால். அறைக்குள் காவலன் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அவனவன் பக்கத்து மேசையை முந்துவதில் குறியாக இருக்கிறான். மேற்பார்வை பார்க்கும் கீனோ லாய்கூடக் கைதிதான். இன்னும் எத்தனை ஷிப்ட் பாக்கி என்று எண்ணிக்கொண்டே மற்றவர்களை விரட்டுகிறான். அவர்கள் செய்கிற அந்தப் பாகம் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. சீசன் முடிந்து பெயர்கள் எல்லாம் ஓடிய பிறகு ஒரு நிமிடம் காட்டுவார்கள். அதைப் பார்த்த அன்று வேலைக்குப் போகவே ஒரு மாதிரியாக இருந்தது.

நான் வேலை பார்ப்பது வண்டி உதிரிபாகம் செய்கிற இடம். எங்கள் லைனிலும் போர்டு உண்டு, மணிக்கு இத்தனை பீஸ் என்று பச்சையிலும் சிவப்பிலும். அதிகம் போட்ட லைனுக்கு மாதக் கடைசியில் ஸ்வீட் பாக்ஸ். தரையில் கரண்ட் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், முதலாளி பாவம்.

அப்புறம் செவரன்ஸ் என்ற சீரீஸ் பார்த்தேன். அங்கேயும் இதே கதைதான், ஆனால் ஏசி ஆபீஸ். மூளையில் ஒரு சின்னக் கருவியை வைத்து விடுகிறார்கள், லிஃப்டில் இறங்கியதும் வெளி உலகம் மறந்துவிடும், மேலே ஏறியதும் ஆபீஸ் மறந்துவிடும். உள்ளே இருக்கிறவனுக்கு வாழ்க்கை முழுக்க ஆபீஸ்தான், வீட்டுக்குப் போய்த் தூங்கிய ஞாபகம்கூட அவனுக்குக் கிடையாது. நாள் முழுக்கத் திரையில் எண்களைப் பார்த்து, பயம் தருகிற எண்களைப் பொறுக்கி டப்பாவில் போட வேண்டும். நன்றாகச் செய்தால் வாஃபிள் விருந்து. எதற்குப் பொறுக்குகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது. அந்த ஆபீசின் வெளிப்பக்கம் செட் இல்லையாம். நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற ஊரில் இருக்கிற பழைய பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடக் கட்டடம்.

இந்த இரண்டு வருடத்தில் டிராகனும் பார்த்தேன், மந்திரவாதியும் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. இந்தப் பட்டறையும் ஆபீசும் மட்டும் போக மாட்டேன் என்கிறது. இது வயசா, வேலையா, இல்லை படம் எடுக்கிறவர்கள் இப்போது இப்படித்தான் யோசிக்கிறார்களா? அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள். ஒன்பதாவது படிக்கும் மகள் கூட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தால் நல்லது. "அப்பா எப்பவும் ஜெயில் படம்தான் பார்ப்பார்" என்று வீட்டில் பெயர் வாங்கியாயிற்று.

மணற்புழு

அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பகலெல்லாம் லைனில் நின்றுவிட்டு ராத்திரியும் லைனையே பார்ப்பதற்கு எதற்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன்? எனக்கு ஊரில் பார்க்க முடியாதது வேண்டும்.

டூன் இரண்டாம் பாகம் (2024) பெரிய திரையில் பார்த்தீர்களா? அந்தக் கறுப்புச் சூரியன் இருக்கிற கிரகத்தில் அரங்கச் சண்டை வரும் பாருங்கள். அதை எடுத்த பிறகு கலரை உருவி எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கிற மாதிரி கேமராவையே மாற்றி எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் ஆட்களின் தோல் மெழுகு மாதிரி, ரத்தமே ஓடாத மாதிரி தெரிகிறது. நிழலிலிருந்து வெயிலுக்கு ஒருத்தன் நடந்து வரும்போதே மனிதன் வேறு பிராணியாக மாறுகிறான். வாணவேடிக்கைகூட மை கொட்டின மாதிரி வெடிக்கும். புழுவின் மேல் ஏறிப் போகிற சவாரிக்கென்றே தனி யூனிட் போட்டு வாரக்கணக்கில் எடுத்தார்கள். இதற்குத்தான் நான் காசு கொடுக்கிறேன், போர்டில் அவுட்புட் எழுதுவதைப் பார்ப்பதற்கு இல்லை.

ஆனால் உங்கள் கட்சிக்கும் ஒரு படம் சொல்கிறேன். காட்ஸில்லா மைனஸ் ஒன் (2023). மகளோடு பார்க்கலாம், கொஞ்சம் அழுவாள், நீங்களும் அழுவீர்கள். போரில் சாகப் போக வேண்டிய விமானி பயந்து தப்பித்துவிடுகிறான். ஊருக்கு வந்தால் டோக்கியோவே சாம்பல். பிழைப்புக்கு என்ன வேலை கிடைக்கிறது தெரியுமா, கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளை அகற்றுவது, அதுவும் மரப் படகில். இரும்புப் படகில் போனால் காந்தக் கண்ணி வெடித்துவிடும். நாலு பேர் அந்த ஓட்டைப் படகில் செய்கிற வேலைதான் படத்தின் உயிர், ராட்சசன் பிறகுதான். சிஜி, அதாவது கம்ப்யூட்டர் காட்சிகள் செய்தவர்கள் மொத்தம் 35 பேர், 610 ஷாட், டைரக்டர் தகாஷி யமசாகியே அதற்கும் தலைமை. 2024 ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது. நம்மூரில் பட்ஜெட்டையே போஸ்டரில் போட்டு விளம்பரம் செய்கிறவர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம்.

கொக்குவில்காரன்

ஆண்டோர் பற்றிக் கதைக்கிறபடியால் நானும் ஒன்று எழுதுகிறேன். (இரண்டாம் சீசன் பார்க்காதவர்கள் வாசிக்க வேண்டாம்.)

அதில் நாலு வருடக் கதையை வருடத்துக்கு மூன்று எபிசோடாகப் பிரித்திருக்கிறார்கள். கோர்மன் என்ற கிரகம், நெசவுக்காரச் சனம், சிலந்திப் பட்டு நெய்கிறவர்கள். அவர்களுக்கென்று பிரெஞ்சு மாதிரி ஒலிக்கிற ஒரு மொழியையே உருவாக்கியிருக்கிறார்கள். அரசுக்குத் தேவை அவர்களுடைய மண்ணுக்கு அடியில் இருக்கிற ஒரு கனிமம். அதைத் தோண்டினால் கிரகம் மிஞ்சாது. முதல் எபிசோடிலேயே ஒரு மலை மாளிகையில் கூட்டம் போட்டு இதைக் கதைக்கிறார்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைக்கிற மாதிரி. மண்ணை எப்படி எடுப்பது என்பதைவிட, இந்தச் சனத்தை மற்றவர்கள் வெறுக்கும்படி முதலில் என்ன செய்வது என்பதுதான் அங்கே பெரிய பேச்சு.

எட்டாவது எபிசோட்தான் அந்தச் சதுக்கம். சனம் கூடிப் பாடுகிறது, வெளியே போகிற வழிகளை அடைக்கிறார்கள், பிறகு கூரையிலிருந்து அரசின் ஆள் ஒருவன் தங்கள் பக்கத்துப் பெடியன் ஒருவனையே சுட்டு விழுத்துகிறான், தொடங்குவதற்கு ஒரு சாட்டு வேண்டுமே. நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். மிச்சத்தை அடுத்த நாள்தான் பார்த்தேன். அதற்குள் டிவி அறிவிப்பாளர் வந்து இதெல்லாம் கோர்மன்காரர் செய்த தாக்குதல் என்று நிதானமாக வாசிக்கிறார். சின்ன வயதில் வீட்டு ரேடியோவில் செய்தி கேட்டு, அப்பா ஒன்றும் சொல்லாமல் ரேடியோவை அணைப்பார். அந்த அணைக்கிற சத்தம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

உங்களுடைய கேள்விக்கு என் பதில், வயது இல்லை. டிராகன் எரிக்கிறபோது அது டிராகனின் குணம் என்று விட்டுவிடலாம். இங்கே ஒருவன் மேசையில் இருந்து கையெழுத்துப் போட்டு எரிக்கிறான்.

வரிசை பற்றிப் பயப்பட வேண்டாம். ஆண்டோர் 24 எபிசோடும் முடிந்ததும் ரோக் ஒன் (2016) பாருங்கள், கதை அப்படியே அங்கே போய்ச் சேரும். அதற்குப் பிறகு 1977இல் வந்த முதல் படம். மற்றதை விரும்பினால் பாருங்கள்.

தேன்மொழி_க

மணற்புழு சொன்ன காட்ஸில்லாவுக்கு என் ஓட்டும் உண்டு, டூனில் எனக்குப் பாதி தூக்கம், சண்டைக்கு வராதீர்கள்.

நைட்ஷிப்ட் அண்ணா, மகளோடு பார்க்க என்றால் ஃப்ரீரன். ஜப்பான் அனிமே, முதல் சீசன் 28 எபிசோட், 2023 செப்டம்பரில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்தது. கதை ஆரம்பிக்கும்போதே அசுர ராஜாவை வென்றாயிற்று. பத்து வருடம் சேர்ந்து நடந்த நாலு பேர் ஊர் திரும்புகிறார்கள். அதில் ஃப்ரீரன் ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்கிற எல்ஃப் இனத்து மந்திரக்காரி, அவளுக்கு அந்தப் பத்து வருடம் நமக்கு ஒரு லீவு மாதிரி. போய்வருகிறேன் என்று கிளம்பி ஐம்பது வருடம் கழித்து வந்து நிற்கிறாள், வீரனாக இருந்த ஹிம்மல் குள்ளமாக, வழுக்கையாக நிற்கிறான். கொஞ்ச நாளில் இறந்தும் போகிறான். அவனைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அந்தச் சவப்பெட்டி முன்னால்தான் அவளுக்கு உறைக்கிறது. இவ்வளவும் முதல் எபிசோடில். மிச்சம் எல்லாம் அவள் அதே வழியை மறுபடி நடப்பதுதான்.

உங்களுக்கு வேலைதானே பிடிக்கும், இதில் நிறைய உண்டு. ஒரு ஊரில் கப்பல் உடைந்து ஒதுங்கிய குப்பையைக் கடற்கரையிலிருந்து மூன்று மாதம் அள்ளுகிறார்கள், புத்தாண்டு சூரியோதயம் பார்ப்பதற்காக. கூலியாக அவள் கேட்பது இனிப்புத் திராட்சையைப் புளிப்பாக்கும் மந்திரம் மாதிரி ஒன்றுக்கும் உதவாத மந்திரங்கள். அந்த மந்திரங்களைச் சேர்ப்பது ஏன் என்று புரிவதற்கு எனக்கு ஏழெட்டு எபிசோட் ஆனது. போர் அடிக்கிறது என்று அதற்குள் நிறுத்தினால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

இன்னொன்று, பாதியில் நிற்காத கதையாகப் பாருங்கள். வீல் ஆஃப் டைம் என்ற மந்திரக்கதை சீரீஸ் மூன்று சீசன் பார்த்துப் பெயரெல்லாம் மனப்பாடம் ஆன நேரத்தில், 2025 மே மாதம் அவ்வளவுதான் என்று மூட்டை கட்டிவிட்டார்கள். மூலம் 14 புத்தகம். இனி அதைப் படித்துத்தான் முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும், எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

மகள் தூங்கிய பிறகு ப்ளூரிபஸ் என்ற சீரீஸ் பாருங்கள். விண்வெளியிலிருந்து வந்த சிக்னலை வைத்துச் செய்த ஒரு வைரஸ் உலகத்தையே ஒரே மனசாக்கிவிடுகிறது. எல்லாரும் சந்தோஷம், எல்லாரும் அன்பு, மரத்திலிருந்து ஒரு ஆப்பிளைக்கூடப் பறிக்க மாட்டார்கள். தப்பித்த சிலரில் எப்போதும் சிடுசிடு என்று இருக்கிற ஒரு நாவல்காரி. நம் வீட்டுக் கல்யாணத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியம்மா மாதிரி, ஆனால் அவள் சொல்வதுதான் நியாயம்.

சும்மா_வந்தேன்

நம்ம ஊர்ப் படம் ஒன்றும் யாரும் சொல்லவில்லையே. இன்று நேற்று நாளை (2015) ஞாபகம் இருக்கிறதா? டைம் மெஷின் கைக்குக் கிடைத்ததும் அந்த இரண்டு பேரும் உலகத்தைக் காப்பாற்றவா போகிறார்கள், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்து ஜோசியத் தொழிலை ஓட்டுகிறார்கள். இதைவிட நேர்மையான சயின்ஸ் ஃபிக்‌ஷன் நான் பார்த்ததில்லை.

நைட்ஷிப்ட்காரன்

எல்லாருக்கும் நன்றி. கொக்குவில் நண்பரே, உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் சீசனை நான் ஒரே ராத்திரியில் ஓட்டி முடித்தவன், அந்தச் சதுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும். மணற்புழு தம்பி, டூன் பெரிய திரையில் மறுபடி வந்தால் சொல், வருகிறேன், டிக்கெட் உன் செலவு.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஃப்ரீரன் ஆரம்பித்தோம். நாலு எபிசோட் ஆயிற்று. கடற்கரைக் குப்பை அள்ளுகிற இடத்தில், "மூன்று மாதத்துக்கு எத்தனை பேர் போட்டால் முடியும்?" என்று நான் வாய்விட்டுக் கணக்குப் போட்டதற்கு ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஜப்பானிய மொழியில் சப்டைட்டிலோடு பார்க்க வேண்டும் என்கிறாள், நான் படித்து முடிப்பதற்குள் வரி மாறிவிடுகிறது. தேன்மொழி, நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?