புது வெப்சைட் செய்யக் கொடுக்கிறோம். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) பழைய டெவலப்பர் கையில். எதிலிருந்து தொடங்குவது?

முறுக்குக்கடை, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம், நெய்யுருண்டை செய்து விற்கிறோம். அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலத்தில், லயத்துப் பக்கத்து வீடுகளுக்குச் சுட்டுக் கொடுத்துத் தொடங்கிய தொழில். இப்போது டவுனில் கடை, எஸ்எஸ்எம் (கம்பெனி ஆணையம்) பதிவு, வேலைக்கு ஆட்கள் என்று வளர்ந்திருக்கிறது.

எங்களுக்கு ஏற்கனவே ஒரு வெப்சைட் இருக்கிறது, டாட் காம் டாட் எம்ஒய் முகவரியில். பல வருடங்களுக்கு முன் ஒரு டெவலப்பர் செய்து கொடுத்தார். சில படங்கள், ஒரு போன் நம்பர், பழைய விலை, அவ்வளவுதான். விலையை மாற்றச் சொன்னால் பதில் வர வாரக்கணக்கில் ஆகிறது. டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்), கடை மின்னஞ்சல் எல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வருடத்துக்கு ஒருமுறை பில் வரும், கட்டிவிடுவோம்.

தீபாவளி ஆர்டர் முழுவதும் வாட்ஸ்அப்பில் வந்து குவிகிறது. இந்த வருடம் வெப்சைட்டிலேயே ஆர்டர் எடுத்து, பணமும் அங்கேயே வாங்க வேண்டும். இரண்டு பேரிடம் கொட்டேஷன் கேட்டோம். ஒருவர் 2,200 வெள்ளி, இன்னொருவர் 8,900 வெள்ளி. இரண்டு தாளிலும் ஏறக்குறைய ஒரே வரிகள்: ஐந்து பக்கம், கைப்பேசிக்கு ஏற்ற வடிவம், எஸ்இஓ (கூகுள் தேடலில் முன்னால் வரச் செய்வது), ஒரு வருட ஹோஸ்டிங். தம்பி குறைந்த விலையை எடுக்கச் சொல்கிறான். எதை எடுப்பது? டொமைனைப் பழைய டெவலப்பரிடமிருந்து எப்படி வாங்குவது?

வலைப்பணி, ஈப்போ:

கொட்டேஷனை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் சகோதரி. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டாட் எம்ஒய் என்று முடியும் முகவரிகளை எல்லாம் நிர்வகிப்பது எம்ஒய்நிக். அவர்கள் தளத்தில் ஹூயிஸ் தேடல் இருக்கிறது. உங்கள் முகவரியைத் தட்டிப் பாருங்கள். உரிமையாளர் யார், நிர்வாகத் தொடர்பு யார், தொழில்நுட்பத் தொடர்பு யார் என்று தனித்தனியாக இருக்கும். டாட் காம் டாட் எம்ஒய் வாங்கப் பதிவு பெற்ற வணிகமாக இருக்க வேண்டும். அதனால் அன்றைக்கு உங்கள் எஸ்எஸ்எம் பதிவைக் கொடுத்திருப்பார், அல்லது அவருடைய கம்பெனிப் பதிவைக் கொடுத்திருப்பார். எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்குள் ஒரு வேலை. பழைய தளத்தில் உள்ள படங்கள், எழுத்து, கடை மின்னஞ்சலில் உள்ள கடிதங்கள் எல்லாவற்றையும் உங்கள் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

முறுக்குக்கடை, சுங்கை சிப்புட்:

பார்த்தேன் அண்ணே. உரிமையாளர் என்ற இடத்தில் எங்கள் கடை பெயர் இருக்கிறது. மற்ற தொடர்புகளில் அவர் மின்னஞ்சல்.

வலைப்பணி, ஈப்போ:

அப்படியென்றால் நல்ல நிலைமைதான். டொமைன் உங்களுடையது. நிர்வாகத் தொடர்பு மட்டும் அவரிடம் இருப்பதால், புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் கடவுச்சொல்லை மாற்றும் கடிதமும் அவருக்குத்தான் போகும். மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்: நிர்வாகத் தொடர்பை இந்த மின்னஞ்சலுக்கு மாற்றித் தரவும், ஹோஸ்டிங் கணக்கின் முழுப் பிரதியைத் தரவும் என்று. பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருக்காது. வாடிக்கையாளருக்கு அன்றைக்குச் சரியான மின்னஞ்சல் இருந்திருக்காது, தன்னுடையதைப் போட்டிருப்பார்.

பதிலே வராவிட்டால், டொமைனை எந்த நிறுவனம் வழியாகப் பதிந்தாரோ அவர்களிடம் எஸ்எஸ்எம் பத்திரத்துடன் போகலாம். பெயர் உங்களுடையது என்பதால் வழி இருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. மாற்றித் தர நீங்கள் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் உள்ளதாக இருக்கக்கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், மீட்கச் சொல்லி வரும் கடிதத்தைப் படிக்கவே முடியாது. கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் திறந்து அதைக் கொடுங்கள்.

அச்சகம், கூலிம்:

தங்கச்சி, நான் அச்சகம் நடத்துகிறேன், எங்கள் கடைக்கும் வெப்சைட் செய்யக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். இரண்டு கொட்டேஷனையும் ஒப்பிட முடியாததற்குக் காரணம், இரண்டு பேரும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் விலை போட்டதுதான். ஐந்து பக்கம் என்பது ஒரு அளவே இல்லை. நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. அதனால் போன தீபாவளி வாட்ஸ்அப்பைத் திறந்து மேலிருந்து படியுங்கள். ஆட்கள் என்ன கேட்டிருக்கிறார்கள்? "அக்கா, முறுக்கு போஸ்டுல போனா உடையுமா?" "சபாவுக்கு அனுப்புவீங்களா, எவ்வளவு ஆகும்?" "ரெண்டு கிலோ எங்க வீட்டுக்கு, ஒரு கிலோ அம்மா வீட்டுக்கு, காசு நான் கட்டுறேன்." "கடையிலேயே வந்து எடுத்துக்கலாமா?" "அதிரசத்துல முட்டை இருக்கா?" "இன்னும் ஆர்டர் எடுக்குறீங்களா?"

இந்தக் கேள்வி ஒவ்வொன்றும் தளம் செய்ய வேண்டிய ஒரு வேலை. சபா, சரவாக் அனுப்பும் கூலி தீபகற்பத்துக்கு உள்ளதல்ல, எடையைப் பார்த்துத் தளமே கணக்குப் போட வேண்டும். ஒரே ஆர்டர் இரண்டு முகவரிக்குப் போக வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். சாதாரண ஆன்லைன் கடை மென்பொருளில் ஒரு ஆர்டருக்கு ஒரு முகவரிதான், மாற்றத் தனி வேலை. கடையில் வந்து எடுப்பவருக்குக் கூலி சேரக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடைசிக் கேள்வி. உங்கள் அடுப்பில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோதான் சுட முடியும். வாட்ஸ்அப்பில் என்றால் அம்மா "முடிஞ்சிருச்சுமா" என்று சொல்லிவிடுவார். வெப்சைட் சொல்லாது, இரவு முழுக்க ஆர்டர் எடுத்துப் பணமும் வாங்கி வைத்திருக்கும். நாளுக்கு எத்தனை கிலோ என்ற வரம்பு, எந்தத் தேதியோடு தீபாவளி ஆர்டர் நிற்கும், அதை மாற்றும் பொத்தான் உங்கள் கையில் இருக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதல் வரியாக எழுதுவேன். ஒன்றரைப் பக்கம் எழுதினால் போதும். அதே தாளை இரண்டு பேருக்கும் அனுப்பி மறுபடி விலை கேளுங்கள்.

தமிழிலும் போடப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. உங்கள் பழைய பிரசுரங்கள் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவையாக இருக்கலாம். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் தளத்தில் குப்பையாக வரும், கூகுளில் தேடினாலும் கிடைக்காது. யூனிகோடில் மாற்றி, எழுத்துப்பிழை பார்த்து நீங்களே கொடுங்கள். டெவலப்பர் தமிழ் தெரியாதவர் என்றால் "நெய்யுருண்டை" எங்கே உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. படமும் எழுத்தும் தயாராக இல்லாமல்தான் பாதி வேலைகள் மாதக்கணக்கில் இழுக்கின்றன.

தோட்டத்துப் பையன், பாகான் செராய்:

குறைந்த விலையையே எடுங்கள். ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்துவிடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம்.

கணக்குப்பிள்ளை, தைப்பிங்:

தம்பி, 50,000 வரம்பு சரி. ஆனால் அந்தத் தீர்ப்பாயம் சொந்த உபயோகத்துக்கு, வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கு. கடைக்காக வெப்சைட் செய்யக் கொடுப்பது அதில் வராது. அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். இங்கே காப்பு என்றால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும், பணத்தைப் பிரித்துக் கொடுப்பதும்தான்.

பணத்தை நான் இப்படிப் பிரிக்கச் சொல்வேன்: கையெழுத்தின்போது 30 விழுக்காடு, நீங்கள் தொட்டுப் பார்க்கக்கூடிய சோதனைத் தளம் வந்ததும் 40, உண்மையான ஆர்டர் ஒன்று போட்டு, பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்து, எல்லாக் கடவுச்சொல்லும் கைக்கு வந்தபிறகு மீதி 30. தேதி வைத்துப் பிரிக்காதீர்கள், முடிந்த வேலையை வைத்துப் பிரியுங்கள்.

எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் முறை) வழியாகப் பணம் வாங்க ஒரு கட்டணச் சேவையில் கணக்குத் திறக்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கு உங்கள் எஸ்எஸ்எம் பதிவில், உங்கள் கடை வங்கிக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். "என் கணக்கில் வாங்கி வாரா வாரம் மாற்றிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு திறக்க அவர்கள் பத்திரம் கேட்பார்கள், நாள் பிடிக்கும், இன்றைக்கே தொடங்குங்கள்.

உரிமை பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் 26வது பிரிவின்படி, ஒருவரிடம் சொல்லிச் செய்வித்த படைப்பின் பதிப்புரிமை செய்யச் சொன்னவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை. அந்தக் கடைசித் துண்டு முக்கியம். டெவலப்பர் தரும் தாளில் "வடிவமைப்பு எங்களுக்கே சொந்தம்" என்று ஒரு வரி இருந்தால் சட்டம் கொடுத்ததை அந்த வரி எடுத்துவிடும். வேர்ட்பிரஸ் போன்ற பொது மென்பொருள் இப்படி உங்கள் பெயருக்கு மாறாது, அது வேறு கதை.

வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் வாங்குவதால் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு அறிவிப்பு வேண்டும். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் போடுவது கூடுதலாக நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. கடைப் பெயர், பதிவு எண், தொடர்பு, அனுப்பும் கூலி சேர்ந்த முழு விலை எல்லாம் தளத்தில் தெரிய வேண்டும். அப்புறம், ஜாக்கிம் (இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) சான்றிதழ் இல்லாமல் ஹலால் முத்திரைப் படத்தை எங்கும் வைக்க விடாதீர்கள். உணவுத் தளம் என்றதும் சில டெவலப்பர்கள் அழகுக்காக வைத்துவிடுகிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தோட்டத்துப் பையன், பாகான் செராய்:

தெரிந்துகொண்டேன் அண்ணே, நன்றி. அரசாங்க மானியம் ஒன்று இருந்ததே, அதைக் கேட்கலாமா?

கணக்குப்பிள்ளை, தைப்பிங்:

சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான இலக்கவியல் மானியம், பிஎஸ்என் வங்கி வழியாக. செலவில் பாதி, அதிகபட்சம் 5,000 வெள்ளி என்று கொடுத்தார்கள். பட்டியலில் உள்ள சேவை நிறுவனத்திடம்தான் செய்ய வேண்டும். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கிளையில் கேளுங்கள். கிடைக்கும் என்று நம்பித் திட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டாம்.

முறுக்குக்கடை, சுங்கை சிப்புட்:

கூலிம் அக்கா சொன்னபடி அம்மாவும் நானும் உட்கார்ந்து வாட்ஸ்அப்பைப் படித்து எழுதினோம். நாளுக்கு எத்தனை கிலோ என்று அம்மா இதுவரை வாயால் கூடச் சொன்னதில்லை, மனக்கணக்குதான். முதல் தடவையாகத் தாளில் வந்தது.

அந்தத் தாளை அனுப்பியதும் விலை மாறிவிட்டது. 2,200 சொன்னவரின் விலையில் ஆர்டர் எடுப்பதே இல்லையாம், படம் காட்டும் தளம் மட்டும்தான். எல்லாம் சேர்த்தால் 5,600 என்றார். 8,900 சொன்னவர், எங்களுக்கு வலைப்பூவும் இரண்டு நாள் படப்பிடிப்பும் வேண்டாம் என்றதும் 7,400க்கு இறங்கினார். முதலாமவர் ஹோஸ்டிங்கும் டொமைனும் தன் கணக்கில்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். இரண்டாமவர் எல்லாம் எங்கள் பெயரில் திறக்கச் சம்மதித்தார், 30-40-30க்கும் சரி என்றார். அவருக்கே கொடுக்கிறோம். தம்பியும் ஒத்துக்கொண்டான்.

பழைய டெவலப்பரும் பதில் போட்டார். நிர்வாகத் தொடர்பை மாற்றிவிட்டார், ஹோஸ்டிங் பிரதியும் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு பயம்: புதுத் தளத்துக்கு மாறும்போது கடை மின்னஞ்சல் நின்றுவிடுமா? சப்ளையர் எல்லாரும் அதில்தான் எழுதுகிறார்கள்.

வலைப்பணி, ஈப்போ:

கவனிக்காவிட்டால் நிற்கும். பெயர்ச் சேவையகத்தைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது பழைய டிஎன்எஸ் பதிவுகள் (தளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்ற குறிப்புகள்) தானாகச் சேர்ந்து வராது. மின்னஞ்சலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. மாற்றும் முன்பே பழைய பதிவுகள் அனைத்தையும் படம் பிடித்து வைத்து, புது இடத்தில் எம்எக்ஸ், எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் யார் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு) இரண்டும் இருக்கிறதா என்று புது டெவலப்பரிடம் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மின்னஞ்சல் பெட்டிகள் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால் அவற்றையும் தனியாக நகர்த்த வேண்டும். கொட்டேஷனில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கையெழுத்துக்கு முன் சேர்க்கச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கும் பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) உரிமங்கள் யார் பெயரில், அடுத்த வருடம் யார் கட்டுவது என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். தளத்தின் தகவல் போக்குவரத்தைப் பூட்டி வைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். உங்கள் அளவுக் கடைக்கு லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழே போதும்.

மாற்றுவதை வேலை நாள் காலையில் வையுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். தீபாவளி ஆர்டர் திறப்பதற்கு ஒரு மாதமாவது முன்னால் முடித்துவிடுங்கள். பழைய ஹோஸ்டிங்கை அதே நாளில் நிறுத்தாமல் இன்னும் ஒரு மாதம் வைத்திருங்கள். மாற்றிய அன்று வேறு ஒரு ஜிமெயிலிலிருந்து கடை முகவரிக்கு ஒரு கடிதம் போட்டு, அது வந்து சேர்ந்து, பதிலும் திரும்பிப் போன பிறகு டெவலப்பரைப் போகச் சொல்லுங்கள்.