நிதி கொடுத்தவர் பெயரைப் பார்த்தே ஓர் ஆய்வறிக்கையை ஒதுக்கிவிடலாமா?

மழைமானி:
என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கொள்கை முடிவால் லாபமோ நஷ்டமோ அடையப்போகிறவர் பணம் கொடுத்து எழுத வைத்த ஆய்வறிக்கை, அந்த முடிவை எடுக்கும் குழுவின் மேசைக்கே வரக் கூடாது. காற்று மாசு, உணவு, ஊடகக் கட்டுப்பாடு, எதுவானாலும் சரி.

சர்க்கரை விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965-இல் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆய்வு அமைப்பு, ஹார்வர்டு ஆய்வாளர்களிடம் ஒரு மீளாய்வுக் கட்டுரை எழுதச் சொன்னது. கொடுத்த பணம் 6,500 டாலர். 1967-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அது வெளிவந்தது. இதய நோய்க்குக் கொழுப்பைக் கைகாட்டி, சர்க்கரை மேல் இருந்த சந்தேகத்தை அமுக்கியது. யார் பணம் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து 2016-இல்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட 50 ஆண்டுகள்! இதற்குப் பிறகும் "தரவைப் பாருங்கள், ஆளைப் பார்க்காதீர்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திறந்தகோப்பு:
சர்க்கரை விவகாரத்தில் உங்கள் கோபம் நியாயம். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் விதி தவறு.

2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்களின் கட்டுரை வந்தது. ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதத்துக்கு இறங்கிவிடும் என்றது. செலவைக் குறைக்க நினைத்த அரசியல்வாதிகள் பலர் அதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. எழுதியவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். சூத்திரத்தில் 5 நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை, சராசரி எடுத்த முறையும் கேள்விக்குரியதாக இருந்தது. அவரும் அவருடைய பேராசிரியர்களும் திருத்திப் போட்டபோது வந்த வளர்ச்சி, பிளஸ் 2.2 சதவீதம். கோப்புப் பிழையை மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள், மற்றதை ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே பணம் கொடுத்த ஆலை எது? உங்கள் சல்லடையில் இந்தக் கட்டுரை சுத்தமாகத் தேறியிருக்கும். அதைப் பிடித்தது திறந்த கோப்பு மட்டும்தான்.

மழைமானி:
பிழை வேறு, சாய்வு வேறு. பிழை எந்தப் பக்கமும் விழலாம். பணம் வாங்கி எழுதியது எப்போதும் ஒரே பக்கம்தான் விழும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

திறந்தகோப்பு:
அப்படியென்றால் யார் "சம்பந்தப்பட்டவர்" என்று யார் தீர்மானிப்பது? பருவநிலை மாற்றம் குறித்த ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அது தவறு என்று 2010 ஜனவரியில் அவர்களே வருத்தம் தெரிவித்தார்கள். அந்த வரி டபிள்யூ.டபிள்யூ.எஃப். அறிக்கை ஒன்றிலிருந்து வந்தது. இயற்கையைக் காக்கப் போராடும் அமைப்பு அது. உங்கள் விதிப்படி அதுவும் சம்பந்தப்பட்ட தரப்புதானே?

இன்னொன்று. உலக வங்கியின் தொழில் செய்யும் சூழல் குறித்த தரவரிசையில் எந்த ஆலையின் பணமும் இல்லை. ஆனாலும் 2018 பதிப்பில் தரவை மாற்றிச் சீனாவின் இடத்தை 85-லிருந்து 78-ஆக உயர்த்தியிருந்தார்கள் என்று வெளி விசாரணையில் தெரிந்தபின், 2021-இல் அந்த அறிக்கையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அழுத்தம் உறுப்பு நாடுகளிடமிருந்தும் வரும்.

அலைவரிசை:
2035 என்ற எண் ஐ.பி.சி.சி. அறிக்கைக்கு வந்து சேர்ந்த பாதையைச் சொல்லாமல் விடக் கூடாது. 1999-இல் நியூ சயின்டிஸ்ட் இதழில் ஒரு விஞ்ஞானி பேசியதை வைத்து வந்த செய்தி அது. அதை எடுத்து 2005-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். போட்டது. அதை எடுத்து ஐ.பி.சி.சி. போட்டது. அதை எடுத்து மறுபடி செய்தியாளர்கள் நாங்கள் போட்டோம். செய்தியில் பிறந்த எண், பெரிய முத்திரை வாங்கிக்கொண்டு செய்திக்கே திரும்பி வந்தது.

நான் பல வருடங்கள் செய்தி மேசையில் இருந்தேன். 200 பக்க அறிக்கை கைக்கு வந்த 2 மணி நேரத்தில் செய்தி போக வேண்டும். முன்னால் இருக்கும் சுருக்கத்தைத்தான் படிப்போம். நிதி விவரம் கடைசியில், பொடி எழுத்தில் இருக்கும். அதுவரை யாரும் போவதில்லை. எனவே நீங்கள் இருவரும் சண்டை போடும் இடத்துக்கு வாசகர் வந்து சேர்வதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

பழைய உதவியாளர்:
இந்தப் பேச்சை முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் எல்லோரும் வெளிவந்த அறிக்கைகளையே பேசுகிறீர்கள். எனக்குப் பயம் வெளிவராதவற்றைப் பற்றி.

அதே சர்க்கரை அமைப்பு, 1960-களின் கடைசியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. சர்க்கரைக்குப் பாதகமாகச் சில அறிகுறிகள் தெரிய ஆரம்பித்தன. ஆய்வாளர் முடிக்க இன்னும் சில வாரம் கேட்டார். பணம் நின்றது. முடிவு எங்கும் அச்சாகவில்லை. 2017-இல்தான் அதுவும் தெரியவந்தது. எழுதப்படாத அறிக்கையின் எந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பீர்கள், திறந்தகோப்பு?

நான் ஒரு சமூக ஆய்வு நிறுவனத்தில் 6 வருடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போனோம். மக்கள் வேலையைப் போட்டுவிட்டு எங்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். வரைவு தயாரானது. நிதி கொடுத்தவர்கள் அதில் ஒரு எண்ணைக்கூட மாற்றச் சொல்லவில்லை. "இப்போது சரியான நேரமில்லை" என்று மட்டும் சொன்னார்கள். அந்தச் சரியான நேரம் வரவே இல்லை. பேசியவர்களில் சிலர் "எங்கள் விஷயம் எப்போது வரும்?" என்று என்னிடம் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மழைமானி:
இது என் பக்கத்துக்கான சாட்சி அல்லவா? அந்தப் பணமே வராமல் இருந்திருந்தால்?

பழைய உதவியாளர்:
அந்தக் கணக்கெடுப்பே நடந்திருக்காது. ஆய்வுக்குப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். யார் கொடுத்தார் என்பதைவிட, கொடுத்தவர் கையில் என்ன அதிகாரம் விடப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய சுகாதார விளைவுகள் நிறுவனத்தைப் பாருங்கள். அதன் முக்கிய ஆய்வுகளுக்குப் பாதிப் பணம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையுடையது, மீதிப் பாதி வாகனத் தொழிலுடையது. ஆய்வு முடிவுகளில் இரு தரப்பும் கை வைக்க முடியாத ஏற்பாடு. நுண்துகள் மாசு உள்ள ஊர்களில் மரணம் அதிகம் என்று 1993-இல் ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு சொன்னபோது, தொழில் தரப்பு அதை ஏற்கவில்லை. மூலத் தரவை மறுபடி ஆராயும் வேலை இந்த நிறுவனத்திடம் வந்தது. 2000-இல் அவர்கள் சொன்ன பதில்: ஆறு நகர ஆய்வின் முடிவு அடிப்படையில் சரிதான். மழைமானியின் விதி இருந்திருந்தால் இந்த மறுஆய்வு மேசைக்கு வந்திருக்காது.

மழைமானி:
இது எனக்குத் தெரியாமல் இருந்தது. யோசிக்க வைக்கிறது.

ஆனால் திறந்தகோப்பு, இதே ஆறு நகர ஆய்வு உங்கள் பக்கத்தையும் இடிக்கிறது. அதில் இருந்தது மனிதர்களின் உடல்நலத் தரவு. வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கியது. "தரவைத் திற, இல்லையென்றால் ஆய்வு செல்லாது" என்று உரக்கச் சொன்னவர்கள் மாசுக் கட்டுப்பாட்டை எதிர்த்தவர்கள்தான். திறக்க முடியாத தரவை நம்பும் ஆய்வுகளின் மதிப்பைக் குறைக்கும் விதியையே 2021 ஜனவரியில் அந்தச் சுற்றுச்சூழல் முகமை கொண்டுவந்தது. அடுத்த மாதமே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வெளிப்படைத்தன்மை என்ற நல்ல சொல்லையே பூட்டாக மாற்ற முடியும்.

திறந்தகோப்பு:
ஒப்புக்கொள்கிறேன். எல்லாத் தரவையும் எல்லோருக்கும் திறக்க முடியாது. நம்பகமான மூன்றாம் தரப்பு பார்த்துச் சொன்னால் போதும், இங்கே நடந்ததும் அதுதான். ஆனால் நிதியாளர் பெயரை மட்டும் வைத்து விலக்குவதை இன்னும் ஏற்க மாட்டேன்.

அலைவரிசை:
மருந்துச் சோதனைகளில் ஒரு வழி இருக்கிறது. முன்கூட்டிப் பொதுப் பதிவேட்டில் பதியாத சோதனைகளை வெளியிட மாட்டோம் என்று முக்கிய மருத்துவ இதழ்கள் 2005 முதல் சொல்கின்றன. பதிந்துவிட்டு முடிவை வெளியிடாதவர்களும் உண்டு. ஆனாலும் அப்படி ஓர் ஆய்வு நடந்தது என்பதாவது தெரியும். கொள்கை அறிக்கைகளுக்கும் ஏன் அப்படி வைக்கக் கூடாது? செய்தியாளருக்கு அது பெரிய உதவி.

மழைமானி:
சரி, என் விதியை மாற்றிக்கொள்கிறேன். மேசைக்கு வரட்டும். ஆனால் முதல் பக்கத்திலேயே, சுருக்கத்துக்கும் முன்னால், பணம் யாருடையது, வெளியிடாமல் நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது, தொடக்கத்தில் எழுதிய கேள்வி என்ன என்பவை இருக்க வேண்டும். இல்லாத அறிக்கையைக் குழு திருப்பி அனுப்ப வேண்டும்.

திறந்தகோப்பு:
இதில் இரண்டாவதை எந்த நிறுவனம் தானாக எழுதும்? பழைய உதவியாளர், உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்ததா?

பழைய உதவியாளர்:
இருந்தது. "நிதியாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலுக்குப் பிறகே வெளியீடு." ஒரே வரி. அதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் முதல் வீட்டின் கதவைத் தட்டினோம்.