இத்தாலியில் கடைக்காரர் கேட்கும் கேள்விகள்: நம்மவர் அனுபவங்கள்

பொலோன்யாவில் இருந்து:

புதிதாக இங்கே வருபவர்கள் 'இது என்ன விலை' என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். விலை பெரும்பாலும் அட்டையிலேயே எழுதியிருக்கும். கடைக்காரர் நம்மிடம் என்ன கேட்பார் என்று தெரிந்திருப்பதுதான் கைகொடுக்கும். அதுவும் எந்தக் கடையானாலும் நாலைந்து கேள்விகள்தான்.

உள்ளே நுழைந்ததும் 'புவோன்ஜோர்னோ', மாலையானால் 'புவோனசேரா'. வணக்கம் சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்பது இங்கே மரியாதையில்லை. அப்புறம் வரிசை. எண் சீட்டு தரும் பெட்டி இருந்தால் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 'கி ஏ லுல்திமோ?', அதாவது கடைசியாக வந்தவர் யார் என்று பொதுவாகக் கேளுங்கள். ஒருவர் கையைத் தூக்குவார், அவருக்கு அடுத்து நாம்.

சீஸ், ஆலிவ் எல்லாம் 'எத்தோ' கணக்கில்தான் வாங்குவார்கள். ஒரு எத்தோ 100 கிராம். எங்கள் தெருக் கடையில் 'வொர்ரேய் தூஎ எத்தி தி பர்மிஜானோ' என்று பர்மிஜானோ என்ற கெட்டி சீஸ் 200 கிராம் கேட்டேன். கடைக்கார அம்மா குட்டைக் கத்தியைக் குத்தித் திருகினார், கட்டி பொரபொரவென்று பிளந்தது. தராசில் 230 காட்டியது. பொட்டலத்தை மடிக்காமல் என்னைப் பார்த்து, 'லாஷோ?' என்றார். நம்மூரில் 'கொஞ்சம் கூட இருக்கு, போடட்டுமா?' என்பார்களே, அதேதான். 'ஸீ, வா பேனே', அதாவது சரி, பரவாயில்லை என்றால் கட்டிவிடுவார். அடுத்து 'அல்த்ரோ?', வேறு ஏதாவது வேண்டுமா என்பார். போதும் என்றால் 'பாஸ்தா கொஸீ, க்ராட்ஸியே'.

சூப்பர் மார்க்கெட்டில் பேச்சே குறைவு. 'தெஸ்ஸெரா' என்று கேட்டால் கடையின் உறுப்பினர் அட்டை, 'ஸக்கெத்தோ' என்றால் பை. 2018 முதல் காய், பழம் போடும் மெல்லிய பைக்கும் காசு.

பலெர்மோவில் இருந்து:

பொலோன்யா அக்கா சொன்னது சரி. சந்தைக்கு இன்னும் ஒன்று சேர்க்கிறேன். இங்கே எங்கள் ஈழத்து ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம், பல்லரோ சந்தைக்கு எல்லோரும் போய்வருவோம். வியாபாரிகள் சிசிலி மொழியில் ராகம் போட்டுக் கூவுவார்கள். அது புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், நம்மிடம் பேசும்போது இத்தாலியனுக்கு வந்துவிடுவார்கள். பழத்தை நீங்களே அமுக்கிப் பார்க்காதீர்கள், வியாபாரிதான் பொறுக்கித் தருவார். மெலோன் கேட்டால் 'பெர் ஓஜ்ஜி ஓ பெர் தொமானி?' என்பார்: இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா? அம்மா எப்போதும் நாளைக்கு என்பா. வியாபாரி ஒவ்வொன்றாக எடுத்து காம்படியை முகர்ந்து பார்த்துத்தான் தருவார். அப்படித் தந்தது ஒன்றும் சோடை போனதில்லை. அம்மா இத்தாலியனில் முதலில் பிடித்துக்கொண்டது எண்களைத்தான். வாயால் விலை சொல்லும் இடத்தில் அது பெரிய பலம்.

மிலானில் இருந்து:

துணிக்கடையில் விற்பனையாளர் உடனே பக்கத்தில் வந்துவிடுவார். சும்மா பார்க்கிறேன் என்பதற்கு 'ஸ்தோ ஸோலோ க்வர்தாந்தோ, க்ராட்ஸியே'. போட்டுப் பார்க்க 'பொஸ்ஸோ ப்ரொவார்லோ?'. துணி அளவுக்கு 'தால்யா', செருப்பு அளவுக்கு 'நூமெரோ'.

நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். பணம் கட்டுமுன் 'ஸீ புவோ கம்பியாரே?', மாற்றித் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். நேரில் வாங்கிய பொருளில் குறையில்லை என்றால், அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றித் தரச் சட்டப்படி அவர்களுக்குக் கட்டாயமில்லை, கடைக்காரர் மனசுதான். குறையுள்ள பொருளுக்கு 2 ஆண்டு உத்தரவாதம் உண்டு. அதனால் 'ஸ்கொந்த்ரீனோ', அதாவது ரசீது, பத்திரம். ஜனவரி, ஜூலை தள்ளுபடிக் காலத்திலும் இதே சட்டம்தான்.

ரிமினியில் இருந்து:

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் பியாதீனா என்று மெல்லிய ரொட்டி கிடைக்கும். 'ஸோனோ வெஜெத்தாரியானா' என்று மட்டும் சொன்னால் உள்ளே வைக்கும் இறைச்சியைத்தான் தவிர்ப்பார்கள், மாவிலேயே பன்றிக் கொழுப்பு இருக்கலாம். 'சே லோ ஸ்த்ருத்தோ?', பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்ட கடையில் அந்தப் பையன் 'ஸீ' என்று தலையாட்டிவிட்டு, ஆலிவ் எண்ணெயில் பிசைந்த மாவு தனியாக இருக்கிறது என்று அதை எடுத்துச் சுட்டுக் கொடுத்தான். ஆண்கள் 'வெஜெத்தாரியானோ' என்று சொல்ல வேண்டும். பர்மிஜானோவும் கன்றுக்குட்டி வயிற்று நொதி சேர்த்துச் செய்வது. அதையும் தவிர்ப்பவர்கள் சீஸ் கடையில் 'காலியோ வெஜெத்தாலே', அதாவது தாவர நொதி என்று கேட்டால் வேறு வகை எடுத்துக் காட்டுவார்கள்.