பேய் பேசும் மொழி: மீண்டும் எடுக்கப்பட்ட திகில் படங்களும் எங்கள் அனுபவங்களும்

தொடக்கப் பகிர்வு (தக்கலையிலிருந்து)

1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, மார்த்தாண்டத்தில் ஒரு திரையரங்கில் அம்மாவுடன் 'மணிச்சித்திரத்தாழ்' பார்த்தேன். பாசில் இயக்கி, மது முட்டம் எழுதிய அந்த மலையாளப் படம் அதற்கு முந்தைய டிசம்பரில்தான் வெளியாகியிருந்தது. அதன் சில பகுதிகள் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை என்பதால், ஊரில் பாதிப் பேர் படத்தைப் பார்ப்பதைவிட அரண்மனையைப் பார்க்கவே போனார்கள். 1956இல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த அரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே இருக்கிறது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

படத்தில் பூட்டிக் கிடக்கும் தெக்கினி என்ற தெற்குக் கட்டிலிருந்து இரவில் சலங்கை ஒலியும் ஒரு பெண்ணின் பாட்டும் கேட்கும்போது, அரங்கில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அவர்கள் பயந்ததற்கு ஒரு காரணம், அந்தப் பாட்டு அவர்களுடைய மொழியில் இல்லை என்பது. கங்கா என்ற மலையாளப் பெண்ணுக்குள்ளிருந்து வெளிப்படும் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து அந்தத் தறவாட்டுக்கு, அதாவது குடும்பத்தின் பூர்வீக வீட்டுக்கு, கொண்டுவரப்பட்ட நடனக்காரி. அவள் பேசுவது தமிழ். மலையாளிக்குத் தமிழ் பாதி புரியும், பாதி புரியாது. தெரிந்த முகத்திலிருந்து பாதி மட்டும் புரிகிற மொழி வரும்போது ஏற்படும் கலக்கத்தை அந்தப் படம் மிகத் துல்லியமாகக் கணக்கிட்டிருந்தது.

ஆனால் எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அம்மா கும்பகோணத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நாகவல்லி பேசத் தொடங்கியதும் அரங்கமே உறைந்திருக்க, அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்டா, நம்ம ஊர்ப் பொண்ணு" என்றார். அன்றிரவு நான் பயந்துபோய்த் தூங்காமல் இருந்தேன். அம்மா தூங்காமல் இருந்ததற்குக் காரணம் வேறு என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கியது.

2005 ஏப்ரலில் அதன் தமிழ் மறு உருவாக்கமான 'சந்திரமுகி' வந்தபோது நான் சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கேலி செய்வதற்காகவே போனேன் என்று சொல்வதுதான் நேர்மை. மூலத்தில் மோகன்லால் கதை வெகுதூரம் நகர்ந்த பிறகே வருவார். இங்கே ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையோடும் பாட்டோடும் வந்துவிடுகிறார். வடிவேலுவின் நகைச்சுவை, படமெடுத்து நிற்கும் பெரிய பாம்பு, நூலிழையாக இருந்த ஒரு கதைக்குள் இத்தனையும் ஏற்றப்பட்டிருந்தன. அந்த மெல்லிய மர்மம் இந்தக் கனத்தைத் தாங்காது என்று முதல் பாதி முழுவதும் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஜோதிகா வாய் திறந்தபோது வெளிப்பட்டது தெலுங்கு. அந்த நொடியில் என் எரிச்சல் அடங்கிவிட்டது. இயக்குநர் பி. வாசு கதையை எடுத்து வந்ததோடு நிற்காமல், பயத்தின் வேரையும் மண்ணோடு பெயர்த்து வந்திருக்கிறார் என்று தோன்றியது. நாகவல்லியைத் தமிழ் பேச வைத்தே இங்கே காட்டியிருந்தால் அவள் அம்மாவுக்கு இருந்ததுபோல எல்லோருக்கும் 'நம்ம ஊர்ப் பொண்ணாக' இருந்திருப்பாள், பயம் இருந்திருக்காது. சதிர்க் கச்சேரி கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு நடனத்தின் மொழி தெலுங்குதான். தஞ்சை நாயக்கர் அவையிலிருந்து தொடங்கி, பதங்களும் ஜாவளிகளும் பெரும்பாலும் அந்த மொழியிலேயே நமக்குக் கிடைத்தன. ஆகவே, 'ரா ரா' என்று அவள் அழைக்கும்போது அது அந்நியமாகவும் இருக்கிறது, எங்கோ கேட்டதாகவும் இருக்கிறது. மலையாளிக்குத் தமிழ் இருந்ததைப் போலவே. இதற்கு முந்தைய ஆண்டு வாசுவே கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா'விலும் ஆவி தெலுங்கே பேசியது. 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த 'பூல் புலையா'வில் அது வங்காளியானது. பிரியதர்ஷன் மூலப் படத்தின் இரண்டாம் படப்பிடிப்புக் குழு இயக்குநர்களில் ஒருவர். எந்தத் திருகாணியைக் கழற்றக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று முதல், பழைய திகில் படத்தை மீண்டும் எடுக்கவே கூடாது என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. மூலத்தில் எது பயமுறுத்தியது என்பதைக் கண்டுபிடித்து, அதைப் புதிய இடத்தில் உயிரோடு நட முடிந்தவர் எடுக்கலாம். நீங்கள் இத்தகைய படங்களை எப்படி எதிர்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.

இரண்டாவது பகிர்வு (ஒலிக்கலவைப் பணியில் இருப்பவர்)

உங்கள் அனுபவத்துக்கு நேர் எதிரான ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 1960ஆம் ஆண்டு 'சைக்கோ'வைப் பார்ப்பதற்கு முன்பே, கஸ் வான் சான்ட் 1998இல் எடுத்த மறு உருவாக்கத்தை விடுதி அறையில் ஒரு குறுந்தகட்டில் பார்த்துவிட்டேன். அது அதே திரைக்கதையை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒவ்வொரு ஷாட்டையும் அப்படியே வண்ணத்தில் திரும்ப எடுத்த படம். திருடப்படும் 40,000 டாலர், காலத்துக்கேற்ப 4,00,000 டாலராக மாறியிருந்தது. எனக்குச் சிறிதும் பயம் வரவில்லை. இதையா உலகம் கொண்டாடுகிறது என்று நினைத்து, ஆறு ஆண்டுகள் மூலத்தின் பக்கமே போகவில்லை. அந்த ஆறு ஆண்டுகளுக்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

ஒலித் துறைக்கு வந்த பிறகு, பெர்னார்ட் ஹெர்மனின் இசையைப் படிப்பதற்காகத்தான் மூலத்தைப் பார்த்தேன். காற்றுக்கருவியோ தாளக்கருவியோ இல்லாமல், வெறும் நரம்புக்கருவிகளை மட்டும் வைத்து முழுப்படத்துக்கும் இசையமைத்திருக்கிறார். கதாநாயகி குத்திக் கொல்லப்படும் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பது ஹிட்ச்காக்கின் முதல் எண்ணம். ஹெர்மன் தாமாக எழுதிக் கேட்கவைத்த பிறகு அவர் மனம் மாறினார். ரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் பாகு ஊற்றப்பட்டது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. கறுப்பு வெள்ளையில் பாகு ரத்தமாகிவிடுகிறது. வண்ணத்தில் ரத்தம் ரத்தமாகவே இருக்கிறது. அதனால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, அந்தப் பெண்ணின் முகத்துக்குப் போவதில்லை.

மறு உருவாக்கத்திலும் டேனி எல்ஃப்மன் மேற்பார்வையில் அதே இசைதான் புதிதாகப் பதிவு செய்யப்பட்டது. அது தெளிவான பதிவு. ஸ்வரங்களில் குறை ஏதும் இல்லை. ஆனால் 1960இல் அந்த வில் கீறியபோது, பார்வையாளர் கதாநாயகி என்று நம்பியிருந்த பெண் படத்தின் பாதியைக்கூட எட்டாமல் சாகிறாள். இனி யாரைப் பிடித்துக்கொண்டு கதையில் நடப்பது என்று தெரியாமல் அவர் தத்தளிக்கிறார். அந்த அதிர்ச்சியைக் காப்பதற்காகவே, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் திரையரங்குகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். 1998இல் அந்த ரகசியம் உலகத்தில் எவருக்கும் மிச்சமில்லை. மூலத்தில் கொலையாளியாக நடித்த ஆந்தனி பெர்கின்ஸ் பக்கத்து வீட்டுத் தம்பியைப் போல ஒடிசலாக இருந்தார். மறு உருவாக்கத்தில் அதே வேடத்தில் வின்ஸ் வான் அறைக்குள் நுழையும்போதே அவருடைய உடல் அகலம் நம்மை எச்சரித்துவிடுகிறது.

ஆகவே நீங்கள் சொல்வதை ஒரு நிபந்தனையோடு ஏற்கிறேன். திகிலின் உயிர் ஒரு ரகசியத்தில் இருந்து, அந்த ரகசியம் ஊரறிந்ததாகிவிட்டால், அந்தப் படத்தைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் மரியாதை.

மூன்றாவது பகிர்வு (மனநலப் பிரிவில் செவிலியர்)

நான் இருபது ஆண்டுகளாக மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பலர், கோயிலுக்கும் மந்திரவாதியிடமும் போய்வந்து, கையிலிருந்த பணத்தையும் நாளையும் இழந்த பிறகே வருகிறார்கள். 'சந்திரமுகி' வெளியான சில மாதங்களுக்குப் பிறகு ஒரு தாய் தம் மகளை அழைத்துவந்து, "அந்தப் படத்துல மாதிரி இவளுக்கும் இது வியாதிதானேம்மா, பேய் இல்லையே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன். ஒரு வணிகப் படம், அதுவும் மறு உருவாக்கம், அந்தத் தாயை எங்கள் வாசல்வரை கொண்டுவந்திருந்தது.

'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் மோகன்லால் ஏற்ற சன்னி ஒரு மனநல மருத்துவர். தாந்திரிகர் வருகிறார், வந்தவர் மருத்துவரோடு மோதாமல், அவருடைய வழிக்குத் துணை நிற்கிறார். கங்காவின் குழந்தைப் பருவத்துத் தனிமை வரை போய் அவளுடைய நோயைப் புரிந்துகொள்கிறார்கள். அவளை யாரும் அடிப்பதில்லை, கட்டிப்போடுவதில்லை. ஒரே இரவில் குணமாகிவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சிகிச்சை என்பது மாதக்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காக நீளும் வேலை. அந்தத் தாயின் மகள் மூன்று ஆண்டுகள் எங்களிடம் வந்துபோனாள். ஆனாலும் நோயை நோய் என்று சொன்ன அந்தத் துணிவை மறு உருவாக்கங்கள் பெரும்பாலும் காப்பாற்றின.

என் மனக்குறை அதற்குப் பிறகு வந்தவற்றைப் பற்றியது. 2022இல் வந்த 'பூல் புலையா 2', 2023இல் வந்த 'சந்திரமுகி 2' ஆகியவற்றில் ஆவி உண்மையான ஆவியாகிவிட்டது. பெயரும் அரண்மனையும் சலங்கையும் மட்டும் எஞ்சியிருக்க, அந்தக் கதை எந்த நம்பிக்கைக்கு எதிராக நின்றதோ அதே நம்பிக்கைக்கு அது சேவகம் செய்யத் தொடங்கியது. மொழியை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், பாட்டு வேண்டுமானால் பத்து சேருங்கள். ஆனால் அந்தப் பெண்ணை மீண்டும் பேயாக்காதீர்கள் என்பதே இதைப் படிக்கும் திரைத்துறையினரிடம் என் வேண்டுகோள்.

நான்காவது பகிர்வு

ஒரு சிறு குறிப்பு. மூலமே எப்போதும் சிறந்தது என்ற எண்ணத்தை எனக்கு முதலில் உடைத்தது ஜான் கார்ப்பென்டர் 1982இல் எடுத்த 'தி திங்'. 1938இல் ஜான் கேம்பெல் எழுதிய கதையில், பனிவெளியில் சிக்கிய வேற்றுலக உயிர் எந்த மனிதனின் வடிவத்தையும் எடுத்துக்கொள்ளும். 1951இல் வந்த முதல் படம் அந்த மையத்தைக் கைவிட்டு, செடி இனத்தைச் சேர்ந்த ஓர் உயரமான அரக்கனைக் காட்டியது. கார்ப்பென்டர் முதல் படத்தைத் தாண்டிப் பின்னே போய், கதையின் மூல அச்சத்தை, அதாவது பக்கத்தில் இருப்பவன் உண்மையில் அவன்தானா என்ற சந்தேகத்தை மீட்டெடுத்தார். சூடேற்றிய கம்பியால் ஒவ்வொருவரின் ரத்தத்தையும் சோதிக்கும் காட்சியைப் பார்த்தபோது, நண்பர்கள் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம்; காட்சி முடியும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வெளியாகி இரண்டே வாரத்தில் வந்ததால், அன்பான வேற்றுலக உயிரைக் கண்டு நெகிழ்ந்திருந்த மக்கள் இதை ஒதுக்கிவிட்டார்கள். இன்று 1951ஆம் ஆண்டுப் படத்தைவிட இதுவே அதிகம் பேசப்படுகிறது.

1922இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'வும் 'டிராகுலா' நாவலை உரிமை பெறாமல் எடுத்ததுதான். நாவலாசிரியரின் மனைவி தொடுத்த வழக்கில் பிரதிகளை அழிக்கும்படி ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிப் பிழைத்த பிரதிகளால்தான் அதை இன்று நாம் பார்க்கிறோம். அதை 1979இல் ஹெர்ட்சாக்கும் 2024இல் எக்கர்ஸும் மீண்டும் எடுத்தார்கள். மீண்டும் சொல்லவே கூடாது என்ற விதி அன்று வென்றிருந்தால், நாம் காக்க விரும்பும் அந்த மூலமே இருந்திருக்காது.

தொடங்கியவரின் மறுமொழி

செவிலியர் அம்மாவுக்கு என் வணக்கம். தாங்கள் சொன்னதை நான் இதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. ஆவியின் மொழியைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த நான், அந்த மொழிக்குள் அடைபட்டிருந்த நோயாளியைக் கவனிக்கத் தவறிவிட்டேன். எதைப் பெயர்த்து நட வேண்டும் என்று நான் எழுதியதோடு, நோயை நோயாகவே வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒலிக்கலவை நண்பரின் நிபந்தனையை மட்டும் முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் ரகசியமும் ஊரறிந்ததுதான், இருந்தும் அது இன்னும் வேலை செய்கிறது.

2024 ஆகஸ்டில் 4கே தரத்தில் புதுப்பித்து அதை மீண்டும் வெளியிட்டபோது, எழுபதைத் தாண்டிய அம்மாவைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனேன். படம் வந்தபோது பிறந்தே இராத கல்லூரிப் பெண்கள் எங்கள் வரிசையில் உட்கார்ந்து, வசனங்களை முன்கூட்டியே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். 'ஒரு முறை வந்து பார்த்தாயா' பாட்டு வந்தது. அதன் தமிழ் வரிகளை எழுதியவர் வாலி. அம்மா மெல்லக் கூடவே பாடியதைக் கேட்டு, பக்கத்தில் இருந்த பெண் குனிந்து, அந்த வரிக்கு என்ன பொருள் என்று மலையாளத்தில் கேட்டாள். அம்மா தம் கும்பகோணம் மலையாளத்தில் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் தன் தோழியிடம் சொன்னாள், அந்தத் தோழி அடுத்தவளிடம் சொன்னாள். நாகவல்லி ஆடி முடிக்கும்வரை எங்கள் வரிசையில் யாரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.